தலை குனிந்தால் குதிரை நிற்கும்

சென்ற சனிக்கிழமை காலை குதிரை மேல் இருந்தேன். வேடிக்கைக்கு இல்லை. வேலைக்கு.

மலேசியாவில் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு குதிரை லாயத்தில் வேலைக்கு இருக்கிறேன். சாணி அள்ளுவேன், குளிப்பாட்டுவேன், புல் போடுவேன். போன மாதம் தவுக்கே — எங்கள் சீன முதலாளி — சொல்லி அனுப்பினார். இனி லாயத்து ஆட்கள் குதிரை மேல் ஏறி ஓட்டவும் வேண்டும். முடியாதவன் வேறு வேலை பார்க்கலாம். மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, அவரே வந்து பார்ப்பார்.

ஐம்பத்திரண்டு வயதில் வேறு வேலையா? எங்கே?

சொல்லித் தர வந்தவர் புனிதா. சவாரி கோச். என் மகள் வயது. முதல் நாளே மெலாத்தி என்ற பெண் குதிரை மேல் ஏற்றிவிட்டார். நாலு அடி வைத்தாள். நின்றுவிட்டாள்.

"அண்ணே, கீழ என்னா தேடுறீங்க? ரப்பர் கொட்டை பொறுக்குறீங்களா?"

"பாம்பு இருக்கான்னு பாக்குறேன் கோச்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருடம் பால் மரம் வெட்டிப் பால் எடுத்தவன். விடியும் முன் தோட்டத்துக்குள் நடந்தால் கண் தரையில் இருக்க வேண்டும். வேர், தேள், பாம்பு...

"பாம்ப அது பாத்துக்கும் லா. நீங்க போற எடத்த பாருங்க. நீங்க குனிஞ்சா ஒங்க கனம் முன்னால சாயுது. நிக்கச் சொல்றீங்கன்னு அது நெனைச்சுக்கும்."

ஒரு தலை அவ்வளவு கனமா? குதிரையிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்று வாரம் இதையே சொன்னார். இரண்டு தரம் விழுந்தேன். எழுந்தேன். ஒருவழியாக நேராகப் போக வந்துவிட்டது.

சனிக்கிழமை தவுக்கே வேலி ஓரம் நின்றார். மெலாத்தி நன்றாகத்தான் நடந்தாள். அவர் பக்கம் திரும்பியதும்... நின்றுவிட்டாள்.

காலால் தட்டினேன். நகரவில்லை.

"அண்ணே!" புனிதா கத்தினார். "பாம்பு இல்லண்ணே, தவுக்கேதான்!"

அப்போதுதான் கவனித்தேன். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் துரை வந்தால் குனிவோம். கணக்கு எழுதும் கிராணி வந்தாலும் குனிவோம். யாரும் சொல்லித் தரவில்லை — அப்பா குனிந்தார், நானும் குனிந்தேன். இன்று அந்தத் தோட்டமே இல்லை, வரிசையாக வீடுகள். என் கழுத்துக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

தலையைத் தூக்கினேன். தவுக்கே முகத்தை நேராகப் பார்த்தேன். மெலாத்தி நடந்தாள். அவரைத் தாண்டிப் போனோம்.

"ஓகே லா," என்றார்.

வேலை இருக்கிறது.

மூன்று வருடமாக அவரிடம்தான் இருக்கிறேன். அவர் கண்ணாடி போடுபவர் என்பது அன்றுதான் தெரிந்தது.