அரை மைல் பாயும் என் கயிறும்

அரை மைல் ஓட்டத்தில் அவரை ஜெயிக்கத் திருச்சி ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்றிருந்த காலத்தில், அவர் ஓடிய மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவள் நான். கோடு போடுவதில் எனக்கு நிகராகவும் அப்போது ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? ஒரு முளை அடித்து, அதில் முப்பத்தைந்து கெஜக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்தபடி நடந்தால் அரைவட்டம் பிசகில்லாமல் விழும். இந்தப் பக்கம் ஓர் அரைவட்டம், அந்தப் பக்கம் ஓர் அரைவட்டம், நடுவே இரண்டு நேர்கோடுகள். நேர்கோட்டையும் அதே கயிற்றால்தான் அளப்பேன். ஒரு சுற்று கால் மைல். இரண்டு சுற்று ஓடினால் அரை மைல்.

ஐம்பதுகளின் கடைசி அது. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டிரில் டீச்சர். வீடு ஸ்ரீரங்கம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு டவுன் பஸ் ஏறுகிற ஐயங்கார் வீட்டுப் பெண்ணைப் பற்றி எங்கள் வீதியில் என்னென்ன பேசினார்கள் என்று எழுத இடம் போதாது. அப்பா காலமாகி, வீட்டில் அம்மாவும் நானும்தான். பேசுகிறவர்கள் வந்து எங்களுக்கு உலை வைக்கப் போகிறார்களா என்று நான் பாட்டுக்குப் போய்வந்தேன்.

பாய் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிட்டோம். தோல் மண்டியில் வேலை பார்த்தார். பகலெல்லாம் ஆட்டுத்தோலுக்கு உப்புத் தடவி அடுக்குவது. சாயங்காலம் மைதானத்துக்கு வந்து, லுங்கியை மடித்து மரத்தடியில் வைத்துவிட்டு, அரை நிஜாரோடு வெறுங்காலில் ஓடுவார். ஒல்லியான ஆள். ஓடும்போது தோள் அசையாது. முதல் சுற்றில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வருவார். பார்க்கிறவர்களுக்குப் பதைக்கும். இரண்டாவது சுற்றின் கடைசி வளைவில் ஒவ்வொருத்தராகத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார். அவர் காலடி கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே விழும், ஒரு நாளும் கோட்டைக் கலைத்ததில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"உங்க வளைவுல ஓடுறப்ப கால் தானாத் திரும்புது டீச்சர்" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் எனக்கு யார் சர்டிபிகேட் தர வேண்டும்?

அந்த வருஷம் ஜில்லா போட்டிக்கு மைதானம் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எங்கே கொடுத்தார்கள், இரண்டு வருஷம் சண்டை போட்டு வாங்கினேன். பெண்களுக்கும் இரண்டு ஓட்டம் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அதையும் வாங்கினேன். கமிட்டி ஆண்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு தப்பு வரட்டும் என்று காத்திருந்தார்கள். தப்பாவது, என் கோட்டிலாவது என்று நான் சிரித்தேன்.

பழைய கயிறு நைந்துபோயிருந்தது. கடைத்தெருவில் புதுப் பருத்திக் கயிறு வாங்கி, பள்ளிக்கூடத்தில் இரும்பு டேப் வைத்து அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அதை எடுத்துப்போய் மைதானம் போட்டேன். மறுநாள் போட்டி.

அன்றைக்கு அவர் ஓடியதைப் போல ஓர் ஓட்டத்தை இந்த ஊர் பார்த்ததில்லை. மூன்று பேர் வாட்ச் பிடித்தார்கள். மூன்று பேரும் முள்ளைப் பார்த்துவிட்டு, வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார்கள். இந்த டயத்தை எழுதி மெட்ராஸுக்கு அனுப்பினால் மாகாண அணிக்குக் கூப்பிட்டே தீர வேண்டும் என்று பேச்சு. மண்டிக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டியவள் நான்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கோடு போடப் போனேன். அங்கே கொடிமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே சரியாக முப்பத்தைந்து கெஜம், நானே அளந்து வைத்தது. கயிறு எட்டவில்லை. ஒரு கெஜம் குறைந்தது. இழுத்துப் பிடித்து மறுபடி அளந்தேன். அப்போதும் ஒரு கெஜம்.

பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா நிதானமாகச் சொன்னாள்: "கண்ட எடத்துல கெடந்த கயிறு, விழுப்பு. நனைக்காம உள்ள விடுவேனா? கிணத்தடியில ரெண்டு தரம் முக்கி எடுத்துக் கொடியில போட்டேன். எப்பவும் பண்றதுதானேடி?"

எப்பவும் பண்ணுவதுதான். வெளியே போய்வந்தது எதுவும் அம்மாவுக்கு விழுப்பு, நனைத்தால்தான் சுத்தம். பழைய கயிற்றையும் மைதானத்திலிருந்து வந்த ஒவ்வொரு தடவையும் நனைத்துத்தான் வீட்டுக்குள் விட்டாள். அது சுருங்க வேண்டிய அளவுக்கு என்றைக்கோ சுருங்கி முடிந்த பிறகு அளந்து முடிச்சுப் போட்டது. புதுசு முதல் முழுக்கிலேயே ஒரு கெஜத்தை விழுங்கிவிட்டது. ரவிக்கைத் துணியைக்கூட நனைத்து உலர்த்தித்தான் தையற்காரரிடம் கொடுப்பேன். எனக்கா இது தெரியாது? மைதானம் போடும் அன்று ஒரு தடவை அளந்து பார்த்திருந்தால் போதும். என் கோட்டில் தப்பே வராது என்ற திமிர்தான் என்னைக் கவிழ்த்தது. வளைவும் சுருங்கி, நேரும் சுருங்கி, அரை மைலில் இருபத்தைந்து கெஜம் குறைந்துபோயிருந்தது.

நேரே தோல் மண்டிக்குப் போனேன். அவர் உப்புக் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் ஓடினது அரை மைல் இல்லையா?"

"இல்லை பாய். கமிட்டில போய் சொல்லிடப் போறேன்."

அவர் முகம் இறுகிவிட்டது. கோபம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு கேட்டார்: "மெட்ராஸுக்கு லெட்டர் போயிருச்சா?"

"நாளைக்குப் போறது."

"நீங்க போய் சொன்னா என்ன ஆகும்?"

"என்னைப் பொறுப்புலேந்து தூக்குவா. தூக்கட்டும்."

"உங்களை மட்டுமா? பொம்பளைப் புள்ளைங்களை இனிமே அந்த கிரவுண்டுல கால் வைக்க விடுவாங்களா? அதுக்குத்தானே ரெண்டு வருஷமா சண்டை போட்டீங்க?"

அவரே தொடர்ந்தார்:

"நாங்க எல்லாரும் ஒரே கிரவுண்டுலதான் ஓடினோம். யாருக்கும் நஷ்டமில்ல. என் டயம் ஒண்ணுதான் மெட்ராஸ் போகுது. அது போகக் கூடாது, அவ்வளவுதானே? நீங்க போங்க டீச்சர், நான் பாத்துக்கிறேன்."

அன்று சாயங்காலமே கமிட்டிக்குப் போய், கடைசி வளைவில் கோட்டுக்கு உள்ளே கால் வைத்து ஓடிவிட்டேன், யாரும் பார்க்கவில்லை, மனசு உறுத்துகிறது என்று சொல்லியிருக்கிறார். அவர் ஓட்டத்தை மட்டும் ரத்து செய்து, இரண்டாவதாக வந்தவருக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். கமிட்டிக்காரர்கள் அவர் நேர்மையை மெச்சினார்கள். ஊர் மெச்சவில்லை. முந்தின கோப்பையெல்லாம் இவன் எப்படி வாங்கினானோ என்றது.

மறுநாள் மைதானத்தில் அவரைப் பிடித்தேன். "என்ன பாய் இது, பொய் சொல்லலாமா?"

"அதை நானும் அல்லாவும் பேசித் தீத்துக்கிறோம். நீங்க இனிமே கயிறை நனைச்சுட்டு அளங்க" என்று சொல்லிவிட்டு ஓடப் போய்விட்டார்.

பஸ் கண்டக்டர் சில்லறை குறைத்தால்கூட விடாமல் சண்டை போடுகிறவள் நான். அந்த ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைகளுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மீதி, என் கோட்டுக்கு வந்த பேரைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசை.

அடுத்த வருஷம் அவர் மெட்ராஸ் போய், யாரோ அளந்த மைதானத்தில் ஓடி முதலாவதாக வந்தார். அதன் பிறகும் பல வருஷம் இந்தப் பக்கத்தில் அவரை முந்த ஒருத்தன் பிறக்கவில்லை. எங்கள் ஜில்லா போட்டியில் பெண்கள் ஓட்டம் இரண்டு ஆறாயிற்று. அறுபதுகளின் கடைசியில் மஞ்சள் காமாலை வந்து, இரண்டே வாரத்தில் அவர் போய்விட்டார்.

இரங்கல் கூட்டம் நடந்தது. பழைய கமிட்டிக்காரர் ஒருவர் மைக்கில் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். "மனுஷன்னா ஒரு சறுக்கல் இருக்கும். நம்ம பாயும் ஒரு தடவை குறுக்க ஓடினவர்தான். ஆனா ஒத்துக்கிட்டாரு பாருங்க" என்றார். நாலு பேர் புன்னகைத்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மைக்குக்காகக் காத்திருக்காமல் இருந்த இடத்திலேயே எழுந்தேன்.

"அவர் குறுக்கே ஓடலை. தப்பு கோட்டுல. கோடு போட்டவ நான்" என்றேன். கயிறு, அம்மா, கிணற்றடி என்று ஒன்றைக்கூட மறைக்காமல் சொன்னேன். செய்வதைச் செய்துகொள்ளுங்கள் என்று நின்றேன். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. உட்காரும்போது மனசு லேசாகிவிட்டது என்பதுதான் உண்மை. இத்தனை வருஷம் கழித்தாவது அவர் பேரைத் துடைத்துவிட்டேன் என்று நிமிர்ந்துதான் வெளியே வந்தேன்.

அவர் மனைவி இத்தாவில் இருந்தார். புருஷன் இறந்தால் நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. அதனால் கூட்டத்துக்கு வரவில்லை. அவர் காதில் நானே போட வேண்டும் என்று அப்படியே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாய் விரித்து உட்காரச் சொன்னார். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

"உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நெனச்சேன்" என்றேன்.

"சொல்லல டீச்சரம்மா." முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். "வீட்டுல சண்டை வந்தா நானே சொல்லிக் காட்டுவேன். குறுக்க ஓடினவருதானே நீங்கன்னு."

"அவர் என்ன சொல்வார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. தட்டை எடுத்துக்கிட்டுக் கை கழுவப் போயிடுவாரு. பதில் பேசாததுனால நெசம்னுதான் நெனச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கடைசி வாரத்துல மருந்து வேண்டாம்னு அடம் பிடிச்சாரு. அன்னிக்கும் அதைச் சொல்லித்தான் திட்டினேன்."