குளவிக்காரிக்குக் கண் திறந்த கதை

கஜேந்திரன் வரைந்த படங்களில் பேர்போனவை ஐந்து. பேர்போனவை என்று சொன்னதெல்லாம் நுவரெலியாவில் இருக்கிற ஒரு பெரிய ஹோட்டல்காரர்கள்தான். பொகவந்தலாவைப் பக்கத்தில் அவர் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் அவற்றைப் பார்த்தவர்கள், "பொண்டாட்டி செத்ததுலருந்து இந்தாளுக்கு மரை கழண்டுருச்சு" என்றார்கள்.

மற்றபடி அவர் கோயில் சுவருக்கு மாரியம்மனும் திரீவீல் ஆட்டோ முதுகுக்குக் கழுகும் சலூன் கதவுக்கு மீசைக்காரனும் வரைந்து வயிறு கழுவுகிற மனுசன். மனைவி ஜீவராணி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கொட்டிச் செத்துப்போனாள். மலையில் தொங்குகிற கூட்டை அழிக்கச் சொல்லி அதற்கு முன்பே எல்லாரும் தோட்ட நிர்வாகத்திடம் கத்தியிருந்தார்கள். எவன் காதிலும் ஏறவில்லை. கஜேந்திரன் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் முகம் பூசணிக்காயாக வீங்கி, இரண்டு கண்ணும் மூடிக் கிடந்தன. அந்தக் கண்களை அவர் திரும்பப் பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகு வந்தவைதான் அந்த ஐந்தும். 'பெரட்டு' என்றொரு படம். காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற களம் அது. படத்தில் ஆளே கிடையாது, தேய்ந்த செருப்புகள் மட்டும் வரிசையில் நின்று மழையில் நனையும். தோட்டத்து ஆள்கள் குடியிருக்கிற வரிசை வீடுதான் 'லயம்'; அந்தப் படத்தில் ஒவ்வொரு வாசலும் ஒரு வாய், வாய்க்குள் சொத்தைப் பல். கொழுந்து நிறை குறைந்தால் பாதிச் சம்பளம் போடுவார்களே, அந்த 'அரைப்பேர்' மூன்றாவது; அதில் பொம்பளை பாதிதான், முதுகில் கூடை மட்டும் முழுசு. நான்காவது 'அட்டை'. ஆள் உயர அட்டைப்பூச்சியொன்று கழுத்துப்பட்டி கட்டி, நாற்காலியில் சாய்ந்து தேத்தண்ணி குடிக்கும். கோப்பையில் இருப்பது தேத்தண்ணி இல்லை என்பது நிறத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஐந்தாவது 'குளவிக்காரி'. இடுப்புக்குக் கீழே தேயிலைச் செடி, கொண்டை இருக்கவேண்டிய இடத்தில் குளவிக்கூடு, நடுவில் ஜீவராணியின் முகம். அந்த முகத்தில் கண் மட்டும் இல்லை. கோயில் வேலை பழகிய கை அல்லவா? சாமிக்குக் கண்ணைக் கடைசியில்தான், தலைமுழுகி நல்ல நாள் பார்த்துத் திறப்பார்கள். பொண்டாட்டிக்கும் அப்படியே செய்ய ஆசைப்பட்டு, அவளுடைய தெவசம் வரட்டும் என்று மனுசன் வைத்திருந்தார்.

அதற்குள் வந்து தொலைந்தான் வினோஜன். அட்டன் ஊர்ப் பையன், அந்த நுவரெலியா ஹோட்டலில் மனேஜர். படங்களைக் கண்காட்சிக்குத் தருவதாகக் கஜேந்திரன் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தார், "முடிஞ்ச நாலையும் எடுத்துக்கங்க தம்பி" என்று படித்துப் படித்துச் சொல்லியுமிருந்தார். அவர் கினிகத்தேனையில் கோயில் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாளில் வினோஜன் வேனோடு வந்தான். பக்கத்து வீட்டில் சாவி வாங்கி ஐந்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

மறு வாரமே ஜீவராணியின் அக்கா நாகலெட்சுமி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஹோட்டல்காரர்கள் 'குளவிக்காரி'க்கு வேறு பேர் வைத்துப் பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். அவளும் அதே மலையில் கொழுந்து எடுக்கிறவள். வாயைத் திறந்தால் மலையே கேட்கும்.

"தம்பி, என்னா அநியாயம் இது? 'கண்ணில்லாத பெண்'ணாம்! எந்தங்கச்சியக் குருடியாக்கி ஊரு ஒலகத்துக்கெல்லாம் காட்டுறீங்களே, அவ கண்ணு எப்புடி இருக்கும்னு ஒங்களுக்கு மறந்து போச்சா?"

மறந்துபோய்விடுமோ என்பதுதான் கஜேந்திரனுடைய பயமே. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? கறுப்பு மையையும் மெல்லிய தூரிகையையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

ஹோட்டல் கூடத்தில் கேக் அடுக்கிய மேசைக்கு நேர்மேலே ஜீவராணி தொங்கினாள். கஜேந்திரன் வினோஜனைத் தேடிப் பிடித்தார்.

"தம்பி, இது முடியாத படம். கண்ணு தொறந்துட்டுப் போயிர்றேன்."

வினோஜன் பதறிப்போனான். "ஐயோ அண்ணே, கெடுத்துப்புடாதீங்க! கண்ணு இல்லாததுதான் இதுல விசயமே. சர்ரியலிசம்னு எல்லாரும் சொக்கிப் போறாங்க. இதே மாதிரி இன்னும் ஆறு பொம்பளைங்கள வரைஞ்சு தாங்க. ஆறுக்கும் கண்ணு வேணாம்."

"வேணாமா?"

"வேணவே வேணாம்ணே."

த்தூ! செத்தவளின் கண்ணை வேண்டும் வேண்டாம் என்று சொல்ல இவன் யார்? யாரோ கூப்பிட்டு வினோஜன் அந்தப் பக்கம் போனதும், கஜேந்திரன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். தூரிகையை மையில் தோய்த்தார். வலது கண்ணில் வைக்கப்போனவர், பழக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

கோயிலில் சாமிக்குக் கண் திறக்கும்போது எதிரில் எவனையும் நிற்க விடமாட்டார்கள். திறந்த கண் முதலில் பார்ப்பது நல்லதாக இருக்கவேண்டும் என்று கண்ணாடியைக் காட்டுவார்கள், பசுவையும் கன்றையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் மனிதர்கள்.

இங்கே எதிரில் என்ன இருந்தது? ஒரு பெரியவர் விரலில் ஒட்டிய கிரீமைச் சப்பிக்கொண்டிருந்தார். கடித்துப் போட்ட கேக்கின்மேல் ஈ. கொழுந்துக்காரி வேசம் போட்ட பெண்கள், மழையே படாத கூடைகளோடு, கோப்பை நீட்டிக்கொண்டிருந்தார்கள். படத்துக்குக் கீழேயே இளசுகள் இரண்டு பேர் கண்ணை இறுக மூடி, குருடர்போலக் கையை நீட்டித் தடவி, போனில் தங்களைத் தாங்களே எடுத்துப் பார்த்து இளித்தார்கள்.

சீ, இந்த மூஞ்சிகளைப் பார்க்கவா அவளுக்குக் கண்? கஜேந்திரன் தூரிகையைக் கால்சட்டையில் துடைத்தார். படத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

"அண்ணே! எங்கண்ணே கொண்டு போறீங்க?" வினோஜன் ஓடிவந்தான்.

"வீட்டுக்கு."

"கண்ணு வரைஞ்சா அது வெறும் பொம்பளைப் படம்ணே!"

"அதுக்குத்தான் கொண்டு போறேன்."

மறுநாள் தெவசமும் இல்லை, நல்ல நாளும் இல்லை. கஜேந்திரன் தலைமுழுகினார். படத்தை வாசலோரம் சாய்த்துவைத்து, எதிரில் எதைக் கொண்டுவந்து வைப்பது என்று யோசித்தபடி இருந்தார். வேலை முடிந்து நாகலெட்சுமி வந்தாள். தலையிலிருந்து மழை சொட்டியது, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு முழுக்கச் சேறு, கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் கோடாக வழிந்தது.

"மதினி, இப்புடி வந்து முன்னால ஒக்காருங்க."

"கருமம், நாறிப்போயி நிக்கிறேன். மூஞ்சி கழுவிட்டு வர்றேன், தம்பி."

"வேணாம். அப்புடியே ஒக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். ஹோட்டலில் கண்ட கூத்தையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டு, கஜேந்திரன் வலது கண்ணைத் திறந்தார், பிறகு இடது கண்ணை. எதுவும் மறந்துபோயிருக்கவில்லை. அவர் ஓரமாக விலகிக்கொண்டார்.

நாகலெட்சுமி தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:

"நல்ல வேளைடி, அந்தக் கண்றாவிய எல்லாம் நீ பாக்கல."