நகராத காசு

அந்தக் காகிதம் தொலையவில்லை. நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன். நாலு வருடமாகிறது.

என் மகன் சிவாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் முன்னால் பேசியே பழகாதவள் நான். அதனால் முகம் தெரியாத உங்களிடம் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. பிழை இருந்தால் இருக்கட்டும்.

நாங்கள் குடியிருக்கும் கணபதியில் சிவா லேத்துப் பட்டறை வைத்திருந்தான். ஒரு நாள், "அம்மா, உங்க ஆரத்தைக் குடுங்க. பிட்காயின் வாங்கிப் போட்டா ஒரு வருசத்துல ரெண்டா செஞ்சு தர்றேனுங்க" என்றான்.

என் தாய்வீட்டுச் சீரில் வந்த ஆரம் அது. எங்கள் பக்கம் தோட்டம் துரவெல்லாம் மகனுக்கு. தாயின் நகைதான் மகளுக்கு. வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்த என் மகள் கோகிலாவுக்கென்று வைத்திருந்தேன்.

"அவகிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தேன்.

"அவளுக்கு எதுக்குங்க இப்ப?"

கொடுத்தேன். விற்றுக் காயின் வாங்கினான். பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை எழுதிய காகிதம் ஒன்றை என்னிடம் தந்தான். "போன் போனாலும் இது இருந்தாக் காசை எடுத்துக்கலாமுங்க. பத்திரம்." ரவிக்கைப் பெட்டியின் அடியில் வைத்தேன். அம்மாவின் ரவிக்கைப் பெட்டியை எந்த மகனும் தொடமாட்டான்.

இரண்டு வருடம் கழித்து அவன் போன் பட்டறை எண்ணெய்த் தொட்டியில் விழுந்து வீணாய்ப் போனது. அந்தச் சமயம் பார்த்துப் பட்டறைக்குப் பணமுடை. காயினை விற்கக் காகிதத்தைக் கேட்டான்.

"கோகிலாளுக்கு?" என்றேன்.

"அவதான் நல்லா இருக்கறாளேங்கம்மா."

அப்போதுதான் சொன்னேன். "பழைய பேப்பரோட போயிருச்சாட்ட இருக்குது, கண்ணு."

மூன்று நாள்... கணபதியில் ஒரு பழைய பேப்பர் கடை விடாமல் மூட்டையைக் கொட்டித் தேடினான். கை கறுத்து வந்தவனுக்குச் சோறு போட்டேன். அப்போதாவது எடுத்துக் கொடுத்திருக்கலாமே? கொடுக்கவில்லை. அடுத்த வருடம் பட்டறை கைமாறியது. இப்போது இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு நிற்கிறான்.

போன மாதம் போனில் எதையோ படித்துவிட்டுச் சிரித்தான். அந்தக் காசெல்லாம் யாரும் பார்க்கிற பொதுப் பேரேட்டில் இருக்கிறதாம். பெயர் இருக்காதாம், எப்போது நகர்ந்தது என்பது மட்டும் தெரியுமாம்.

"வருசக்கணக்கா நகராத காசு, நம்பிக்கையாப் புடிச்சு வெச்சிருக்கறவங்களோடதாமுங்க. வெலை ஏறுனாலும் விக்கறதில்லை, எறங்குனாலும் விக்கறதில்லையாமா. நம்முளுதும் அந்தக் கணக்குலதான் இருக்கும். நானும் பெரிய தைரியசாலிதானுங்க."

பிடித்து வைத்திருப்பது நான்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பேரேட்டைப் பார்த்து எழுதுகிறவர்களே, நகரவில்லை என்பது உங்களுக்குத் தெரிகிறது. ஏன் நகரவில்லை என்று தெரியுமா? நம்பிக்கையா? அந்தக் காசின் மேல் எனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. அது என் மகளுடையது. அவ்வளவுதான்.

அவளிடமே கொடுத்துவிடலாமே என்பீர்கள். "அண்ணன் பாவமுங்கம்மா" என்று அன்றைக்கே அவனிடம் நீட்டிவிடுவாள். அப்படித்தான் வளர்த்து வைத்திருக்கிறேன். பிறகு நான் இத்தனை நாள் எதற்காக...

கல்நெஞ்சுக்காரி என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. காகிதம் பெட்டியில்தான் இருக்கிறது. போவதற்குள் அதை அடுப்பில் போட்டுவிடுவேன். நான் போனபின்னும் அந்தக் காசு நகராது. நம்பிக்கை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

தெருவில் பழைய பேப்பர் வண்டியின் குரல் கேட்டால் சிவா இன்னமும் எழுந்து வாசலுக்குப் போகிறான். வண்டி முக்குத் திரும்பும்வரை நிற்கிறான். நான் ஜன்னலைச் சாத்துவதில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.