வயிற்றோடு உப்பளத்துக்கு வேலை கேட்டுப் போன கதை

உப்பளத்தில் வேலை செய்கிறவளுக்கு முதலில் போவது உள்ளங்கால் தோல், அடுத்தது வெட்கம். எனக்கு வேலை கிடைக்கும் முன்பே வெட்கம் போய்விட்டது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏதாவதொரு வாசலில் நின்று வேலை கேட்டவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள். கேட்காதவர்கள் கேளுங்கள், சொல்கிறேன்.

தும்பு ஆலை வாசல்

கடலைக் கொந்தளிக்கவைக்கிற கச்சான் காற்று தொடங்கி மாம்புரிக் கரையில் தோணிகளை மேலே இழுத்துவிட்டார்கள். என் கணவருக்குக் கடல் இல்லை. எனக்கோ மூன்று மாதம். தேங்காய் மட்டையில் தும்பு உரிக்கிற ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கிருந்த மனேஜர் நல்ல மனிதர். கதிரை போட்டு இருக்கச் சொன்னார். கல்யாணம் முடித்தாயா என்று கேட்டார், ஓம் என்றேன். பிறகு என் அபாயாவை மேலும் கீழும் பார்த்தார். அவர் கேட்கும் முன்பே நானே சொல்லிவிட்டேன். உடனே அவர் முகத்தில் அவ்வளவு இரக்கம். என்னுடைய நல்லதுக்குத்தான் சொல்கிறாராம், பிள்ளை பிறந்த பிறகு கட்டாயம் வரச்சொன்னார்.

வெளியே வந்தபோது மட்டை நனைத்துக்கொண்டிருந்த ஒருத்தி என்னைக் கூப்பிட்டு விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “பெத்துட்டு வந்தா, ‘பால்குடிப் பிள்ளை இரிக்கே, எப்பிடி வேலை செய்வாய்’ எண்டு கேப்பார். நான் வயித்தோடயும் வந்து, கைப்பிள்ளையோடயும் வந்து பார்த்துட்டேன், தங்கச்சி.”

மாமியின் அபாயா

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் ஒரே கதைதான்: சொல்லாதே, மறை. மாமி தன்னுடைய பெரிய அபாயாவைக் கொண்டுவந்து எனக்குப் போட்டுப் பார்த்தா. அதற்குள் நானும் பிள்ளையும் போக இன்னுமொரு ஆளுக்கும் இடமிருந்தது. கணவர் பார்த்துவிட்டுக் கிழிந்த வலையைப் பொத்தப் போய்விட்டார்.

மிச்சமிருந்தது உப்பளம்தான். எங்கள் பக்கத்து உப்பளத்தில் தனி ஆளை எடுப்பதில்லை. சோடியாகத்தான் போகவேண்டும். ஒருத்தி பாத்தியில் உப்பை வாரிக் கடகத்தில் நிரப்புவாள், மற்றவள் தலையில் தூக்கிக்கொண்டுபோய்க் குவியலில் கொட்டுவாள். களைத்தால் மாறிக்கொள்வார்கள். எனக்குச் சோடியாக வரச் சம்மதித்தவ நஜீமா ராத்தா, எனக்கு அக்கா மாதிரி. சின்ன வயதில் மன்னாரிலிருந்து அகதியாக வந்து, சண்டை முடிந்த பிறகும் திரும்பாமல் எங்கள் வேலிக்கு அடுத்த வேலியில் இருக்கிறவ. உப்பில் பழகினவ. அவவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, மற்றவர்களுக்கு மறைக்கட்டுமா என்று கேட்டேன். ராத்தா மாமியின் அபாயாவைத் தொட்டுப் பார்த்தா. “நீ எல்லாருக்கும் ஒளிச்சா, மாறித் தூக்கச் சொல்லிக் கங்காணி நிக்கிற நேரம் நான் என்னெண்டு சொல்லி ஒன்ட கடகத்தை வாங்குறது?”

வரம்பில் சோதனை

கங்காணி உடப்பு ஊர் ஆள். நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய சோதனை லேசானது: ஈர உப்பு நிறைந்த கடகத்தைத் தூக்கிக்கொண்டு வரம்பில் வழுக்காமல் போய்வர வேண்டும். ராத்தா போய்வந்தா. என் முறை வந்தது. நான் கடகத்தைத் தொடவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கிறது, தூக்குவது ராத்தா, வாருவது நான், அதற்கு ஆள் வேண்டுமென்றால் எடுங்கள் என்றேன். என் குரல் எப்போதும் சின்னது, காற்றில் அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். இரண்டாம் முறை சொல்லவைத்தார். வரிசையில் நின்ற பெண்களெல்லாம் கேட்டார்கள்.

மேற்கே மழை இருண்டுகொண்டு வந்தது. விளைந்த உப்பு பாத்தியில் கிடந்தது. கங்காணி என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் வாரிப் பலகையை நீட்டினார். “வாரு. ஆனா விழுந்து கிழுந்து போனா என்ட பேரைச் சொல்லப்படாது.”

பலகை வராத காலை

நான் விழவில்லை. வயிறுதான் வெளியே தெரியத் தொடங்கியது. எங்களுக்கு நாட்கூலி. காலையில் கங்காணி யார் கையில் பலகையோ கடகமோ தருகிறாரோ அவளுக்கு அன்று வேலை. ஒரு காலை எனக்குப் பலகை வரவில்லை. அடுத்த காலையும் அப்படித்தான். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், நிறுத்தவே இல்லையே, இன்றைக்குத் தரவில்லை, அவ்வளவுதான் என்றார். சோடி இல்லாத ராத்தா கடகத்தைக் கவிழ்த்து அதன்மேல் குந்திக்கொண்டா.

கிளினிக்கில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற மருத்துவமாது மிஸ் முன்பே சொல்லியிருந்தா, பிள்ளை உண்டென்று வேலையை விட்டு நிறுத்த முடியாது என்று. ஆனால் நாட்கூலிக்கு அது பொருந்துமா? பஸ் ஏறிப் புத்தளம் தொழில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் அதிகாரி நான் சொன்னதை முழுக்கக் கேட்டா. பாரம் தூக்கவைக்கவும் கூடாது, அதைச் சாட்டாக வைத்து வீட்டுக்கு அனுப்பவும் கூடாது என்று விளங்கப்படுத்தினா. பிறகு சொன்னா: “கூலியை நாளுக்கு நாள் தந்தாலும் நீங்க வேலையாள்தான். நாளைக்கும் போய் நில்லுங்க. தராட்டி நான் வாறன்.”

சாக்கு ஊசி

போய் நின்றேன். பலகைகள் எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு, அதிகாரி சொன்னதைக் கங்காணியிடம் அப்படியே சொன்னேன். உப்புச் சாக்குத் தைக்கிற கொட்டிலில் இருந்துகொண்டு செய்கிற வேலை உண்டு, அதைத் தாருங்கள் என்றேன். அந்த அதிகாரி உண்மையாகவே வருவாவா என்று கங்காணி கேட்டார். வருவா என்றேன். பிறகு ராத்தாவுக்குச் சோடி யார் என்று கேட்டார். நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

அந்த நேரம் வரிசையின் கடைசியில் நின்ற ஒருத்தி, இரண்டு வாரமாகத் தலையில் கடகம் சுமந்தவள், அதை மெதுவாகக் கீழே வைத்தாள். அவளும் வயிற்றுக்காரியாம், நாலு மாதமாம். அவள் சோடிக்காரி வாயைப் பிளந்தாள். ராத்தா எழும்பி, அந்தச் சோடிக்காரியின் பக்கத்தில் போய் நின்றா. கணக்குச் சரியாகிவிட்டது.

கங்காணி கொட்டிலுக்குப் போனார். வந்து, எனக்கொன்று, அவளுக்கொன்று என்று சாக்கு ஊசி தந்துவிட்டு வரிசை முழுவதையும் பார்த்தார். “இன்னும் ஆரும் இருந்தா இப்பவே சொல்லுங்க. ஊசி முடிஞ்சுது, போய் வாங்கோணும்.”

வயிற்றுக்காரிக்கு உப்பைச் சுமப்பதுதான் பாரமென்று நினைக்கிறார்கள், அவளுக்காக இரக்கப்படுகிறவர்களைச் சுமந்து பார்த்தால் தெரியும்.