அவள் பெயரில் நடந்த புள்ளி

நான்தான் நிறுத்தினேன். வெயிலில் போன் சூடாகி அணையவில்லை. சார்ஜ் தீரவில்லை. சிக்னலும் போகவில்லை. 'பகிர்வதை நிறுத்து' என்று சிவப்பு எழுத்தில் இருந்ததே, அதன்மேல் இந்தக் கட்டைவிரலை வைத்து அழுத்தியது நான்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவள் தினமும் என் எதிரில்தான் நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல், முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். கோழைத்தனம்தான்... வேறு என்ன பெயர் வைப்பது?

மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கிறவள் நான். பெயர் அஞ்சலாட்சி. பன்னிரண்டாவது வரை படித்தேன். அந்தப் படிப்பு இப்படி நாலு வரி எழுத உதவுகிறது, வேறு எதற்கும் உதவவில்லை. கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். மகன் சென்னையில் இருக்கிறான். காலையில் பூப்போட்ட 'இனிய காலை வணக்கம்' படம் ஒன்று அனுப்புவான். அவன் நன்றாக இருக்கிறான் என்பதற்கு எனக்குக் கிடைக்கும் அத்தாட்சி அவ்வளவே.

எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அப்போதுதான் மற்றது புரியும். நிறைந்த உப்புக் கூடையை யாராலும் தானாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. தூக்கிவிட ஒருத்தி வேண்டும். அதனால் நாங்கள் ஜோடி ஜோடியாக வேலை செய்வோம். ஒருத்தி நிரப்பித் தூக்கிவிடுவாள், மற்றவள் சுமந்துபோய்க் குவியலில் கொட்டிவிட்டு வருவாள். பத்து நடைக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வோம். ஜோடி சரியில்லை என்றால் கழுத்து சொல்லிவிடும். உயரம் பொருந்தாது, வீசி வைப்பாள், இரவெல்லாம் நரம்பு இழுக்கும்.

என் ஜோடி கீதா. பக்கத்து வீட்டுக்கு வாழ வந்தவள், என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். ஆறு வருடமாக அவள் "தூக்கட்டாக்கா?" என்பாள், நான் "ம்" என்பேன். கூடை அலுங்காமல் வந்து உட்காரும்.

அவள் கணவன் ஏழுமலை குவைத்தில் கம்பி கட்டுகிறான். போன மறு மாதமே ஒரு ஏற்பாடு செய்தான். காலையில் உப்பளத்துக்கு வந்ததும் கீதா போனில் லைவ் லொகேஷன் போட்டுவிட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு அவள் எங்கே இருக்கிறாள் என்று அவன் போனில் தெரியும். சரியான சந்தேகப் பிராணி என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் அவனே என்னிடம் பேசினான்.

"சந்தேகம்லாம் ஒண்ணும் இல்லக்கா. ஒரு ரூம்ல பதினாலு பேரு கெடக்கறோம். டீ குடிக்கற நேரத்துல போன எடுத்துப் பாத்தா, அவ புள்ளி வரப்பு மேல போறதும் வர்றதும் தெரியுது. நானும் ஊர்லயே இருக்கற மாதிரி இருக்குதுக்கா."

அதற்குப் பிறகு அவனை நான் திட்டியதில்லை.

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு உதவியாள் பயிற்சி என்று கீதா கேள்விப்பட்டாள். பதினோரு மாதம், வாரத்தில் மூன்று நாள். ஏழுமலையிடம் கேட்டாள். "உப்பளம்னா நம்ம ஜனங்க கூட இருப்ப. பாண்டிலாம் வேணாம் கீதா. நான் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அவன் வருவதோ வருடா வருடம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் வரப்பில் உட்கார்ந்து என்னிடம் கேட்டாள்.

"அக்கா, போனு உப்பளத்துல இருந்தா போதும் இல்ல? நான் இருக்கணும்னு என்ன இருக்குது?"

சிரித்தோம். அப்போது அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது... பாருங்கள், இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்!

அந்த மூன்று நாட்களும் விடியலில் என்னோடு வருவாள். லொகேஷனைப் போட்டு என் கையில் போனைக் கொடுப்பாள், அதைத் திறக்கத் திரையில் விரலால் இழுக்க வேண்டிய கோட்டையும் வரைந்து காட்டியிருந்தாள். ஒரு பட்டன் போனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடப்பாள். அனுமந்தை, கூனிமேடு, பொம்மையார்பாளையம் என்று பஸ் அவளைக் கொண்டுபோய் விடும். வேலை முடிந்து நான் அவள் போனோடு வீடு திரும்புவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால் புள்ளியும் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை, வீடியோவில் கூப்பிடுவான். அன்றைக்கு அவள் எங்கும் போக மாட்டாள். மற்ற பெண்களுக்கும் விஷயம் தெரியும், அந்த நாட்களில் அவர்களில் ஒருத்திதான் என் கூடையைத் தூக்கிவிடுவாள். இந்த மாதிரிக் காரியத்தில் எங்கள் ஜனம் வாயைத் திறக்காது.

முதல் வாரம் போனைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொட்டகையில் மாட்டி வைத்தேன். பத்து மணிக்குச் செய்தி வந்தது. 'ஏன் ஒரே எடத்துல இருக்க? உடம்பு சரியில்லையா?'

அன்றிலிருந்து அவள் போனை என் இடுப்பில் முடிந்துகொண்டேன். பாத்தியிலிருந்து குவியலுக்கு, குவியலிலிருந்து பாத்திக்கு... நான் நடந்தேன். குவைத்தில் ஒருவன் தன் மனைவி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீதா கொஞ்சம் வேகமாக நடப்பாள் என்பதால் நானும் வேகத்தைக் கூட்டினேன். 'சாப்டியா?' என்று கேட்டால் 'சாப்டேன், நீங்க?' என்று நானே அடித்தேன். அப்படிப் பதில் போடச் சொன்னதும் கீதாதான்.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏழுமலை எனக்குத் தம்பி மாதிரி. ஆனால் நான் போவதையும் வருவதையும் எங்கோ ஒரு மனிதர் பார்க்கிறார், சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்பது... என்னை அப்படி யாரும் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

பத்து மாதம் ஓடியது. இன்னும் மூன்றே வாரம் போனால் சான்றிதழ். நானும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நாள் மதியம் கொட்டகை நிழலில் சோற்றைப் பிரித்து வைத்திருந்தேன். கீதாவின் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. அவளோடு படிக்கும் பிரியா அனுப்பியது, அன்றைக்கு வகுப்புக்குப் போகாமல் வெளியே போயிருந்தாள் போலிருக்கிறது. அது எனக்கு வந்ததல்ல, நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"ஏய் கீதா, ரூம் பாத்தாச்சிடி. நம்ம ரெண்டு பேருக்கும் தாராளமா போதும். அந்த ஆஸ்பிட்டல்லயே வேலைன்னு மேடம் சொல்லிட்டாங்க. உங்க உப்பளத்து அக்காகிட்ட இன்னும் சொல்லலயா நீ? சொல்லிடுடி. பாவம், உன்ன உட்டா அவங்களுக்கு யாரு இருக்கறாங்க?"

இரண்டாவது தடவையும் போட்டுக் கேட்டேன்.

அவள் ஒருநாள் போவாள் என்று எனக்குத் தெரியாதா? அதற்குத்தானே பத்து மாதம் அவளாக நடந்தேன்! போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் என்னிடம் மறைத்தாளே. முன்பின் பார்த்திராத ஒரு பெண் என்னைப் 'பாவம்' என்கிறாள். அப்படியென்றால் அங்கே என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள்? வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது என்பார்களே, அது பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே எரிகிறது.

திறந்தேன். போனில் ஏழுமலையின் செய்திகள் வரும் பக்கத்துக்குப் போனேன். அழுத்தினேன்.

என்ன நினைத்து அழுத்தினேன்? கொஞ்சம் பயப்படட்டும், நான் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது என்று அவளுக்குத் தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு ஆகும் என்று தெரியாது... இப்படித்தான் எனக்கு நானே சொல்லி வந்தேன். பொய். தெரியும். புள்ளி நின்றால் அவன் கூப்பிடுவான், கூப்பிட்டால் அவள் இருக்க மாட்டாள் என்று பத்து மாதமும் பயந்துகொண்டிருந்தவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பயந்துபோய்த் திரும்பவும் லொகேஷனைப் போட்டேன். அதற்குள் 'ஏன் நிறுத்தின?', 'என்ன ஆச்சி?' என்று வரிசையாக வந்துவிட்டன. பிறகு வீடியோ அழைப்பு. எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி... கூடையோடு நடக்க நடக்க இடுப்பில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. கீதாவின் பட்டன் போனுக்கு அடித்துப் பார்த்தேன். வகுப்பு நேரத்தில் அதை அணைத்து வைத்துவிடுவாள்.

அரை மணியில் அனுமந்தையிலிருந்து ஏழுமலையின் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். சண்டைக்கு வரவில்லை. அவர் கையில் ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் கரைத்த குளுக்கோஸ்.

"கீதா எங்க? வெயில்ல மயங்கி உழுந்துட்டாளா பாருன்னு தம்பி அழுவுறான்."

வெயில் காலத்தில் எங்களில் யாராவது ஒருத்தி மயங்கி விழுவது வழக்கம்தான். அதற்குத்தான் அவன் பயந்திருக்கிறான். அவள் எவனோடோ போய்விட்டாள் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

அவர் கீதாவின் எண்ணுக்கு அடித்தார். என் இடுப்பில் மணி அடித்தது.

பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் என் இடுப்பைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அது கீதா போனு தான?"

இருந்ததைச் சொன்னேன். பாண்டிச்சேரி, பயிற்சி, மூன்று நாள் எல்லாவற்றையும். நான் அழுத்தியதை மட்டும் விட்டுவிட்டு. அவர் அங்கேயே நின்று தம்பியிடம் பேசிவிட்டு, குளுக்கோஸ் பாட்டிலை வரப்பில் வைத்துவிட்டுப் போனார். மாலையில் பாண்டிச்சேரி பஸ் வந்து நின்றபோது கீதாவுக்காக அவர் நிறுத்தத்தில் காத்திருந்தார்.

ஏழுமலை கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஒரே ஒரு குரல் செய்தி அனுப்பினான். கீதா அதை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"பத்து மாசமா நான் யாரு நடக்கறதப் பாத்துகிட்டு இருந்தேன், கீதா?"

அவ்வளவுதான் அதில் இருந்தது.

மறுநாளே கீதாவின் மாமியார் வந்து அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து மேடம் இரண்டு முறை கூப்பிட்டார்கள். மூன்று வாரம்தானே, முடித்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். யார் கேட்பது? அந்தச் சான்றிதழில் அவள் பெயர் ஏறவில்லை.

கீதா என் மேல் கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்னக்கா பண்ணுவ? அந்த வெயில்ல போனு சூடாயி ஆஃப் ஆயிடுச்சி. பத்து மாசம் எனக்காக நடந்தியே, பெத்தவகூட செய்ய மாட்டாக்கா."

தலையாட்டினேன். அழுத்தியது ஒரு குற்றம், அப்போது தலையாட்டியது அதைவிடப் பெரிய குற்றம். பிரியாவின் செய்தியை அன்றைக்கே அழித்திருந்தேன், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து, உப்பு வாரும்போது அவளாகவே சொன்னாள். "ரூம்கூடப் பாத்துட்டோம்க்கா. அன்னிக்கு சாயந்திரம் மொதல்ல உங்கிட்டதான் சொல்லணும்னு ஸ்வீட் வாங்கிகிட்டு வந்தேன். ஸ்டாப்புல அவரு அண்ணனப் பாத்த பயத்துல பஸ்லயே உட்டுட்டேன் போலருக்குது."

நான் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு மணி நேரம்... அந்த நான்கு மணி நேரம் நான் பொறுத்திருந்தால், அந்த இனிப்பு என் வாயில் இருந்திருக்கும்.

மழைக்காலம் வந்து உப்பளம் மூழ்கியது. திரும்பவும் வெயில் வந்து வேலை தொடங்கியிருக்கிறது. ஏழுமலை இன்னும் இரண்டு வருடம் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டான். வாரத்துக்கு ஒருநாள் பேசுகிறான், மாமியார் பக்கத்தில் இருக்கும்போது. லொகேஷன் கேட்பதே இல்லை. "கேட்டாக்கூட நல்லா இருக்கும்க்கா" என்கிறாள் கீதா.

அவன் கேட்காவிட்டாலும் இவள் விடுவதில்லை. விடியலில் வரப்பில் நின்று எட்டு மணி நேரத்துக்குப் போட்டுவிட்டுத்தான் மண்ணில் காலை வைக்கிறாள். போனை இப்போது அவளே இடுப்பில் முடிந்துகொள்கிறாள். மதியம் சாப்பிட உட்காரும்போது எடுத்துப் பார்ப்பாள். அவன் பார்த்ததற்கான நீலக் குறி வந்திருக்காது. திரும்ப முடிந்துகொண்டு எழுந்துவிடுவாள். இப்போது வரப்பில் போவதும் வருவதும் நிஜமாகவே அவள்தான். அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

எனக்கு என்ன குறை? வாரத்தில் ஆறு நாளும் என் ஜோடி என்னோடு இருக்கிறாள். கழுத்து வலி இல்லை. நான் ஆசைப்பட்டது இதுதானே! ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தும் சோறு இறங்காமல் இருப்பவளை நீங்கள் பார்த்ததுண்டா?

சொன்னால் அவள் போய்விடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம். சொல்லி, அவள் மன்னித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று எப்படியும் சொல்லிவிடுவது என்று போனேன். கூடை நிறைந்திருந்தது. தலையில் சும்மாட்டை வைத்து, "கீதா, அன்னிக்கு அந்த போனு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் ஏற்கெனவே குனிந்து கூடையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். "அத உடுக்கா, எத்தினி நாளைக்கு அதையே நெனச்சிகிட்டு இருப்ப" என்றாள். பிறகு, "தூக்கட்டாக்கா?" என்றாள்.

"ம்" என்றேன்.