கிணற்றடிக் காட்சி

ஜப்பான்காரன் குண்டு விழும் என்ற பயத்தில் பட்டணம் காலியானபோது, எங்கள் டாக்கி கம்பெனியும் பூந்தமல்லியில் ஒரு தோட்ட பங்களாவுக்கு மாறியது. கதை இலாகாவில் நான் ஒருத்திதான் பெண். வசனம் எழுத வந்திருந்த இன்னொருவர் திருநின்றவூர்ச் சேரியில் பிறந்து மிஷன் பள்ளியில் படித்தவர். என்னிடம் குடும்பப் பெண்களின் அழுகையை எழுதச் சொல்வார்கள். அவரிடம் வேலைக்காரர்களின் உளறலை.

அன்று பேச்சு ஒரு கிணற்றடிக் காட்சியைப் பற்றி. பண்ணையாரின் கிணற்றில் தண்ணீர் எடுத்த கூலிக்காரி பிடிபடுகிறாள். காலில் விழுந்து கன்னாபின்னாவென்று உளற வேண்டும், கொட்டகையே சிரிக்க வேண்டும் என்றார் டைரக்டர்.

"ஒரு பொண்ணு கால்ல விழறதுல என்ன சார் சிரிப்பு? பண்ணையார் மகள் ஓடி வந்து அவளுக்காக வாதாடட்டும்" என்றேன். மகள்தான் கதாநாயகி. அவளுக்கு நல்ல வசனம் வாங்கிக் கொடுக்க நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

உளறலை எழுத வேண்டிய வசனகர்த்தா என் பக்கம் திரும்பினார். "அந்தம்மா இன்னாத்துக்கு வரணும்? இவளுக்கு வாய் இல்லியா?"

"நான் அவளுக்காகத்தானே சொல்றேன்!"

"அவளுக்காக எல்லாரும்தான் பேசறீங்க. அவள ஒரு தபா பேச உடுங்கம்மா."

"அவ என்னய்யா பேசிடுவா?" என்றார் டைரக்டர் எரிச்சலோடு.

வசனகர்த்தா எழுந்தார். மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு டைரக்டருக்கு எதிரே நின்றார். குனியவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"புள்ளைக்கு ஜொரம் ஆண்டே. தண்ணி எடுத்துகினேன். கொடத்த ஒடைக்கணும்னா ஒடச்சிக்கோ. நாளைக்கும் வருவேன்."

தடித்த மீசைக்காரரான அவர் அந்த நொடியில் எங்கே போனார் என்றே தெரியவில்லை. ஒரு தாய்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வக்கீல் வைக்க நினைத்த என் பக்கம் அவள் பார்வை திரும்பவே இல்லை. டைரக்டரின் கையிலிருந்த சிகரெட் சாம்பல் வேட்டியில் உதிர்ந்தது; அவர் தட்டிவிடவில்லை.

"அப்படியே எழுதிக்கோம்மா" என்றார் கடைசியில்.

படம் அம்பத்தூர் டென்ட் கொட்டகைக்கு வந்தபோது போய் உட்கார்ந்தேன். டைட்டிலில் எங்கள் இருவர் பெயரும் இல்லை. அந்தக் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. "நாளைக்கும் வருவேன்" என்று அவள் சொல்லி முடித்ததும், மணல் தரையில் இருந்த நடவுக்காரப் பெண் ஒருத்தி எழுந்து, "வாடி, நானும் வர்றேன்!" என்று கத்தினாள். அடுத்து இன்னொருத்தி, பிறகு ஒரு வரிசையே எழுந்தது. திரை மறைகிறது என்று பின்னாலிருந்து ஒருவரும் அதட்டவில்லை. வெள்ளித்திரை வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்த அத்தனை தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த படத்தின் கதையை டைரக்டர் முழுவதுமாக அந்த வசனகர்த்தாவிடமே கொடுத்தார். முதல் நாள் நான் போனபோது, வசனகர்த்தா தன் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. சண்ட போட ஆள் வோணும்" என்றார்.