ஈயச் சொம்பும் பேட்டரி ஈயமும்

நாகலூரில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் செல்வம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குவான். புகை எங்கள் வாசல் வரை வரும். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். விவரம் தெரியாது, ஆனால் பயமாக இருந்தது. இந்தப் புகை உடம்புக்கு ஆகாதே என்று அவனிடமே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க அக்கா, ஈயச் சொம்புல ரசம் வெச்சுக் குடிக்கறீங்க. இந்த ஈயம் மட்டும் கொன்னுபோடுமாங்க?" என்று சிரித்தான்.

"உடு செல்வம், இவளுக்கு அடுப்புப் புகையக் கண்டாலும் பயம்" என்று என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

கொஞ்ச நாளில் எங்கள் கன்றுக்குட்டி பல்லை நறநறவென்று கடித்தது. கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டே நின்று செத்தது. கொட்டகைச் சாம்பலை நக்கியிருக்கிறது.

"சொம்பு செய்யறது வெள்ளீயமுங்க. பேட்டரியில இருக்கறது காரீயம், விஷம். ஊட்டுல கொழந்தைங்க இருக்குதுங்களா?" என்றார் வந்து பார்த்த மாட்டு டாக்டர்.

என் மகளுக்கு நாலு வயது. வயிற்றுவலி என்று அவள் அழும்போதெல்லாம் பூச்சிக்குத்தான் மருந்து கொடுத்தோம். சேலத்தில் சோதித்தபோது அவள் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. மூளையைத் தொட்டிருக்கிறதா என்பது வளர வளரத்தான் தெரியுமாம்.

செல்வம் வந்து, "வேற கன்னு புடிச்சுத் தர்றனுங்க அக்கா" என்றான்.

"கன்னு கெடக்குது. எம்புள்ளைக்கு என்னத்தப் புடிச்சுத் தருவே?" என்றேன்.

சண்டை போட்டுக் கொட்டகையை மூட வைத்துவிட்டேன். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பிள்ளை ஒரு எழுத்தை மறந்தால் மற்ற தாய்மார்கள் அதட்டுகிறார்கள். என்னால் அதட்ட முடியவில்லை. இது சின்னப் பிள்ளை மறதியா, அந்த ஈயம் செய்த வேலையா என்று நான் யாரைக் கேட்பேன்?